பவளம் எந்தக் குடி?

விடிந்தும் விடியாததுமாக இலட்சுமிப்பிள்ளையின் வாசலில் வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியவன் நல்லரத்தினம். ஊரறிய அவள் கையால் கலியாணச் சோறு வாங்கி உண்டு, அவள் வீட்டிலேயே ஐந்து வருடம் குடும்பம் நடத்தி, பிறகு உன்னிச்சை ஊரில் இன்னொருத்தி வீட்டோடு போய்விட்ட உத்தமன்! பின்னால் இறங்கியவன் கனகசிங்கம், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது.

பிள்ளைச் செலவு கேட்டு அவள் கோட்டுக்குப் போன நாள் முதல் அண்ணன் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெண்பிள்ளை கோட்டுப்படி ஏறிக் குடிமானத்தை வாங்கிவிட்டாளாம். மானம் போனது அங்கேதான், ஆனால் இவளாலா போனது? கலியாணத்தைப் பதியாததைச் சாக்காக வைத்து, "இவ எனக்குப் பெஞ்சாதியுமில்ல, அந்தப் புள்ள எனக்குப் பிறந்ததுமில்ல" என்று நீதவான் முன்னால் சத்தியம் பண்ணியவன் நல்லரத்தினம் அல்லவா! வழக்கு இன்னும் தவணையில் கிடந்தது.

"பவளத்தைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கன்," என்றான் அவன். "அங்க எங்களுக்குப் புள்ள இல்ல. இவள் என்னோட வந்தா வழக்குக்கும் வேலையில்லத்தானே."

"குடுத்திடு தங்கச்சி..." கனகசிங்கம் தரையைப் பார்த்துச் சொன்னான். "ஊர்வாய் அடங்கட்டும். புள்ளையும் வயிறாரத் தின்னும்."

இலட்சுமிப்பிள்ளை மகள் பவளத்தை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"வயிறாரவா! நானென்ன அவளைப் பட்டினியாவா போட்டன்? ஊரார் நெல்லைக் குத்திக் குத்தி வளத்தன் அண்ணன்! கோட்டுல 'என்ர புள்ள இல்ல'... இஞ்ச வந்து 'என்ர புள்ள'... இவருக்கு எத்தின வாய்?"

நல்லரத்தினத்தின் முகம் கறுத்துவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் அவன் நினைத்தது நடந்திருக்கவும் கூடும். தவளை தன் வாயால்தானே கெடும்!

"கோட்டுல சொன்னது கோட்டோட. வாற திருவிழாவுல என்ர குடியில அவளைச் சேத்துப் பூசை வைக்கிறன். அதுக்கு மறுகா ஆர் கேப்பான்?"

கனகசிங்கம் விலுக்கென்று நிமிர்ந்தான். குடி என்பது தாய்வழி வரும் குலம்; கோயில் பூசையும் குடிக்கொன்று; தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ராசாவே வந்தாலும் அந்த மண்ணில் அதை மாற்ற ஒண்ணாது.

"என்னடா சொன்னாய்? குடிக்குறி மாத்திச் சுட அவள் என்ன மாடா? களவெடுத்த மாட்டுக்குத்தான்டா குறி மாத்திச் சுடுறது! ஏறுடா வண்டியில!"

"நில்லுங்க அண்ணன்." இலட்சுமிப்பிள்ளையின் குரல் நடுங்கவில்லை. அவள் நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "இஞ்சருங்க... புள்ளையைப் பாக்க ஆசையெண்டா அதே நீதவானுக்கு முன்னால 'என்ர புள்ள'யெண்டு சொல்லுங்க. செலவையும் குடுங்க. மறுகா வந்து பாத்திட்டுப் போங்க, தடுக்க மாட்டன். கூட்டிட்டுப் போற கதை மட்டும் இந்த வாசலில வேணாம்!"

அவன் வண்டியேறினான்.

கனகசிங்கம் தங்கையின் கைகளைப் பிடித்துக்கொண்டான். "நான் பாவி, தங்கச்சி... உன்னைத் தனிய விட்டிட்டன். வழக்கை என்ன செய்யப்போறாய்?"

"நடத்துவன்."

"அப்ப நானும் கோட்டுக்கு வாறன். உன்ர கலியாணத்துல பக்கத்துல நிண்டவன் நான்தானே... சாட்சி சொல்லுறன்!"

கோட்டில் அத்தனை பேர் சிரித்தபோதும் கண்கலங்காதவள், அண்ணனின் தோளில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள்.