கடவுச்சொல் கேட்காத பத்து நிமிடம்

கீபோர்டைத் துடைத்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் விசைகள் மறுபடியும் பிசுபிசுத்தன. விரலை முகர்ந்து பார்த்தாள். ஃபார்மலின் நெடி, அதற்கடியில் ஊசிப்போன கொழுப்பின் வாடை.

"நாங்க தொடறதே இல்ல மேடம். எத்தனை தடவ தொடச்சாலும் இப்படித்தான் ஊறுது," என்றார் லேப் உதவியாளர், வாசலிலேயே நின்றுகொண்டு. "நீங்க பாத்துட்டிருங்க, சாப்ட்டு வந்துடறேன்." சொன்ன வேகத்தில் கம்பி நீட்டிவிட்டார்.

நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த சதைத் துண்டுகளின் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் காலையிலிருந்து யாரையும் உள்ளே விடவில்லை. சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றது. அதைச் சரிசெய்யத்தான் அவளை அழைத்திருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் நிதானமாகப் பார்த்திருப்பாள். இன்று அந்தத் துண்டுகளில் ஒன்று அவளுடைய அக்காவினுடையது. நாலு மணிக்குள் ரிப்போர்ட் போகாவிட்டால் நாளைக்கு ஆபரேஷன் கிடையாது.

பிழைப் பதிவைத் திறந்தாள். நொடிக்கு ஒரு தடவை யாரோ தப்பான கடவுச்சொல்லை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், பதினோரு நாளாக. முயற்சி வந்த இடம், இதே கணினி. நெட்வொர்க் வயரைப் பிடுங்கிப் பார்த்தாள். நிற்கவில்லை. ஏதோ புரோகிராமுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று திட்டிவிட்டு, அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற குறுக்கு வழியைச் செய்தாள். கடவுச்சொல் சோதனையையே அணைத்துவிட்டு சர்வரை மறுபடி ஓடவிட்டாள். பத்து நிமிடம்தானே.

டேட்டாபேஸ் திறந்தது. அந்த முயற்சிகளும் சட்டென்று நின்றன. அப்பாடா என்றிருந்தது. உள்ளே வந்துவிட்டவன் எதற்குக் கதவைத் தட்டப்போகிறான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

பட்டியலில் 'யாரிடம் உள்ளது' என்று ஒரு கட்டம். எல்லா வரியிலும் 'லேப்' என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் வரி மாறியது.

என்னிடம்.

ஒரு சுண்டுவிரல். என்னிடம். அரைக் காது. என்னிடம். குடல், பதினெட்டு சென்டிமீட்டர். என்னிடம். ஒவ்வொரு வரி மாறும்போதும், ஜாடிகள் அடுக்கியிருந்த பக்கத்து அறையில் ஒரு மூடி கழன்று தரையில் உருண்டது. பிறகு ஈரமாக எதுவோ 'சொத்'தென்று விழுந்தது. வாடை தொண்டைக்குள் இறங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையிலும் அதே வாடை.

சர்வரை நிறுத்தப் பார்த்தாள். விசைகள் அடியிலிருந்து ஊறிய கூழுக்குள் அமுங்கின. எழவில்லை.

அக்காவின் வரி. என்னிடம்.

போன் அடித்தது.

"என்னடி, ரிப்போர்ட் வந்துடுச்சா?"

"அக்கா, வீட்ல யாரு இருக்கா?"

"நான் மட்டுந்தான். ஏன்டி?"

திரையில் அக்காவின் வரிக்கு நேரே, 'அளவு: இரண்டு சென்டிமீட்டர்' என்றிருந்தது அழிந்தது. ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

முழுசு.

"ச்சீ, என்னடி இது நாத்தம்... யாரு? யாரது, ஈரக் கையோட..."

போனில் பேச்சு நின்றது.

பக்கத்து அறையில் பெரிய ஜாடி ஒன்றின் மூடியை யாரோ மெதுவாகத் திருகி மூடினார்கள். கண்ணாடிக்குள்ளிருந்து, தண்ணீர் கொப்பளிக்கிற சத்தத்தோடு, அக்கா அவளைக் கூப்பிட்டாள்.