நாற்பதில் நின்றவள்

“எல்லாரும் ஒரே நேரத்துல நகர்ந்தா, யாருட்டி யாரப் பிடிக்கது?” என்று பக்கத்து அறை ரெஜினா அக்கா ஒருமுறை சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட கோமகளுக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனால் கேள்வியை நோட்டில் எழுதிப் பாய்க்கடியில் வைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. வழக்கம்போல இருபுறத் திரைகளையும் பார்த்தாள். இடது அறை அறுபது, வலது அறை அறுபது. அவற்றின் சராசரிக்குத் தன் அழுத்தச் சக்கரத்தைத் திருப்பினாள். கடலுக்கடியில் வட்டமாக இருந்த எட்டு அறைகளிலும் அதே நொடியில் அதே வேலை நடந்தது. நாளுக்கு நான்கு முறை மணி அடிக்கும். மையக் கணினி செத்த பிறகு, ‘இணைச்சுழற்சி’ என்ற இந்தக் கணக்கை மனிதர்களே போட்டார்கள். எட்டு அழுத்தமும் ஒன்றானால் கதவுகள் திறக்கும், மேலே போகலாம். ஆறு வருடங்களாகத் திறக்கவில்லை. நாற்பதாக இருந்தவர்கள் அறுபதானார்கள், அறுபதாக இருந்தவர்கள் நாற்பதானார்கள். அடுத்த மணிக்கு மறுபடி மாறினார்கள்.

“ஒஞ் சேலைய நான் உடுத்துதேன், எஞ் சேலைய நீ உடுத்துத. எப்பட்டி ஒரே சேலைக்கு வந்து சேர?” ரெஜினா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “விட்டுட்டு வரும்போது எம் மவளுக்கு மூணு வயசு. இப்ப ஒம்பது.”

கோமகள் நோட்டில் எட்டு வட்டங்கள் வரைந்தாள். பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டாள். ஒரே ஒரு அறை அசையாமல் நின்றால், மற்ற ஏழும் மெல்ல மெல்ல அதன் எண்ணுக்கே வந்துவிடும். சக்கரம் சராசரியைத் தவிர வேறு எண்ணை ஏற்காது. ஆனால் திருப்பாமல் இருக்கலாம். மூன்று முறை மணி அடித்தும் திருப்பாவிட்டால், கதவுப்பொறி அந்த அறையை உயிரற்றதாகக் கருதிக் கதவை உருக்கி ஒட்டிவிடும். எண் மட்டும் கணக்கில் இருக்கும்.

தன் எண் நாற்பதாக இருந்தபோது கையை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை மணி அடித்தபோது உலோகம் உருகும் வாசனை வந்தது. பதறி ஓடிச் சக்கரத்தைப் பிடித்தாள். அது சுற்றவில்லை.

சில நாள் கழித்து ரெஜினா கத்தினாள். “ஏட்டி, எனக்கு இப்ப அம்பதத் தாண்டவே மாட்டேங்கு! இங்க ஒனக்கு நாப்பதுன்னு காட்டுது, சரியா?”

“நாப்பதுக்கா.”

“போன மணிக்கும் நாப்பதுதான?”

“ஆமா.”

ரெஜினாவின் குரல் சுவருக்கு நெருங்கி வந்தது.

“நீ சுத்தலியா?”

“கை வலிக்கிக்கா.”

அதன்பிறகு ரெஜினா எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மணிக்கும் அவளுடைய சக்கரம் சுற்றும் சத்தம் தவறாமல் கேட்டது.

பதின்மூன்றாம் நாள் எல்லாத் திரையிலும் நாற்பது. ஏழு கதவுகள் திறந்தன. யாரோ அழுதார்கள், யாரோ ஓடினார்கள். கடைசியாகக் கோமகளின் கதவிலிருந்த வட்டக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. நினைத்ததைவிடச் சின்ன முகம், முன்முடி நரைத்திருந்தது.

ரெஜினாவின் கை கதவெங்கும் கைப்பிடியைத் தேடியது. ஒட்டிய கதவுக்கு வெளியிலும் கைப்பிடி இல்லை.

“போங்கக்கா, மவ காத்திருப்பா” என்றாள் கோமகள். கண்ணாடியைத் தாண்டிக் கேட்டதோ என்னவோ. தேடிய கை மெல்லக் கீழே இறங்கியது. பிறகு ரெஜினா மேலே செல்லும் ஏணியை நோக்கி நடந்தாள்.