பூட்டிய வீட்டில் ஆளில்லை

வருவாய் ஆய்வாளர் தெய்வசிகாமணி வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டியபோது மணி பத்தே முக்கால். ஒன்பதுக்கு வருவதாகச் சொன்னவர். செந்தமிழ்ச்செல்வி ஏழு மணியிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் அவர் தாமதமாக வந்ததில் அவளுக்கு வருத்தமில்லை. பதினொன்று இருபதுக்கு அவர் இங்கே இருக்க வேண்டும், அது போதும்.

தியாகதுருகத்தைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் புளியந்தாங்கலில், ஏரிக்கரைத் தெரு என்றால் முன்பு பன்னிரண்டு வீடுகள். இப்போது கடைசி நான்கு வீடுகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு வீடு நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பகல் பதினொன்று இருபதுக்கு, பயிற்சிக்குப் புறப்பட்ட ராணுவ விமானம் அந்த நாலு வீட்டின் மேல் வந்து விழுந்தது. ஓட்டி வந்தவர் பாராசூட்டில் கரும்புக் கொல்லையில் இறங்கிவிட்டார். வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, தெய்வாதீனம் என்று அன்று சாயங்காலமே டிவியில் சொன்னார்கள்.

கடைசி வீட்டில் செல்வியின் புருஷன் ராசு தூங்கிக்கொண்டிருந்தான்.

"மோர் கொண்டாரட்டுமா சார்?"

"வேணாம்மா. சீக்கிரம் சொல்லு, எலவனாசூர்கோட்டை வரைக்கும் போவணும்." ஆய்வாளர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார். "இது உன்னோட எத்தினியாவது மனு?"

"இருபத்தி மூணு சார்."

"எல்லாத்துலயும் ஒரே பதில் தான் வந்துக்கீது. வூடு வெளிப்பக்கம் பூட்டியிருந்துச்சு. பூட்டு பூட்டின வாக்குல இடிபாட்டுல கெடச்சுச்சு. அப்ப உள்ள ஆள் எப்டிம்மா இருக்கும்?"

"நான் தான் சார் பூட்டினேன். உள்ள வச்சி."

"கட்டின புருஷன வச்சி யாராச்சும் பூட்டுவாங்களா?"

இந்தக் கேள்விக்கு அவள் இருபத்து மூன்று தடவை பதில் சொல்லிவிட்டாள். மறுபடியும் சொன்னாள். ராசு பக்கத்து ஊர்ப் பண்ணையாரின் கொல்லையில் ராத்திரி தண்ணீர் கட்டுகிறவன். மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு ராத்திரியில்தானே வருகிறது. விடிந்து வந்து படுத்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பான். வீட்டுக்கு இருந்தது தகரக் கதவு, உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. சாத்திவைத்தால் ஆடு முட்டித் திறந்து அரிசிப் பானையில் வாய் வைக்கும். அதனால் அவள் வெளியே பூட்டுப் போட்டு, சாவியைக் கூரை இறவாணத்து ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போவாள். அவன் எழுந்ததும் கதவைத் தட்டுவான். உள்ளங்கையால் இரண்டு, விரல் முட்டியால் ஒன்று. எதிர் வீட்டு ஜெயம்மாளோ தெருவில் போகிற யாரோ ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிடுவார்கள். அந்தத் தெருவில் அது ஒரு அதிசயமே இல்லை. ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அதிசயமாக இருக்கிறது.

"எலும்பு கெடச்சுது சார். அத பாத்தீங்களா?"

ஆய்வாளர் பக்கத்தைப் புரட்டினார். "ஆட்டு எலும்புன்னு எழுதியிருக்குது."

"ஆடு ரெண்டு தான் சார் இருந்துச்சு. அந்தப் பையில ரெண்டு ஆட்டு எலும்பு தான் இருந்துச்சான்னு யாராச்சும் எண்ணுனாங்களா?"

அவர் அந்தப் பக்கத்தை மூடினார். விமானம் விழுந்த அன்றே சீருடைக்காரர்கள் தெருவைக் கயிறு கட்டி மறித்து, ஒன்பது நாள் இரும்பையும் கருகிய மண்ணையும் வாரி வாரி லாரியில் ஏற்றினார்கள். அந்தப் பூட்டை ஒரு பையில் போட்டு, மஞ்சள் அட்டை கட்டி, நம்பர் எழுதி எடுத்துப் போனார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு திருகாணிக்கும் கணக்கு வேண்டியிருந்தது. ராசுவைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. அவள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டை வற்றக் கத்தியது செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று.

அதற்குப் பிறகு ஊர் பேச ஆரம்பித்தது. ராசு திருப்பூரில் எவளோடோ இருக்கிறானாம், விமானம் விழுந்ததைச் சாக்காக வைத்து ஓடிவிட்டானாம். அவனுடைய சொந்த அண்ணன் தங்கதுரையே சொல்லிவிட்டான்: "செத்தான்னு சர்க்காருல ஒரு சீட்டு வாங்கியா, கருமாதி செய்யறேன். ஓடிப் போனவனுக்கு என்னால எள்ளு தண்ணி எறைக்க முடியாது." அந்த ஒரு சீட்டுக்காகத்தான் செல்வி மாதம் தவறாமல் ஒரு திங்கள்கிழமை மனுவோடு வரிசையில் நிற்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறது. கல்யாண வீட்டில் அவளுக்குக் குங்குமம் கொடுக்கவும் தயங்குகிறார்கள், கொடுக்காமல் விடவும் தயங்குகிறார்கள். அவளுக்கு அலுத்துவிட்டது. மனசு முழுக்க எரிச்சலும் ஆத்திரமுமாக இருந்தது.

"இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணு இருக்குது சார்."

இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினாள். பித்தளைச் சாவி, தேய்ந்து மழுங்கியது.

"அன்னிக்கு இத ஆணில மாட்ட மறந்துட்டேன். இடுப்புல சொருகிக்கினே போயிட்டேன்."

கரும்பில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் வானம் கிழிகிற மாதிரி சத்தம். நிமிர்ந்து பார்த்தால் புகை விட்டுக்கொண்டு, பனைமர உயரத்தில், ஏரிக்கரைத் தெருவைப் பார்த்துப் போகிறது. அந்தச் சத்தத்துக்குச் செத்தவனும் எழுந்திருப்பான், ராசு எழுந்திருக்க மாட்டானா? எழுந்து கதவைத் தட்டியிருப்பான். அப்போது அவள் கை தானாக இடுப்புக்குப் போனது.

சாவி அங்கே இருந்தது.

இதை அவள் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. ஆய்வாளர் சாவியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"இத வச்சி வூடு பூட்டியிருந்துச்சுன்னு தான்மா சொல்ல முடியும். அத தான் அவங்களும் சொல்றாங்க."

இரண்டு வருஷம் நெஞ்சில் கல்லாகச் சுமந்ததை அவர் ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

மணி பதினொன்று பத்து. செல்வி எழுந்தாள். அரசு கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடு அது. மற்ற மூன்று குடும்பமும் அந்த மண்ணே வேண்டாம் என்று போய்விட, அவள் மட்டும் அதே இடத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள். பின்வாசல் கிடையாது. ஒரு ஜன்னல், அதற்கும் கம்பி.

"உள்ள வந்து பாருங்க சார். யாராச்சும் இருக்காங்களா?"

அவர் சலிப்போடு எட்டிப் பார்த்தார். பாய், பானை, கொடியில் இரண்டு புடவை. "யாருமில்ல. அதுக்கு இன்னா இப்ப?"

அவள் கதவைச் சாத்தி, புதுப் பூட்டைப் போட்டாள். "பத்து நிமிஷம் இருங்க சார். உங்கள கையெடுத்துக் கும்புடறேன்."

பேய் ராத்திரியில் வரும் என்பார்கள். ராசு ராத்திரியெல்லாம் தண்ணீர் கட்டியவன். பகலில்தான் வீட்டில் இருப்பான்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் ஜெயம்மாள்தான். இப்போதும் அவள் தெருவின் எதிர்ப்பக்கம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். குடிவந்த முதல் மாதமே வந்து கேட்டாள்: "ஏன் செல்வி, யாரையாச்சும் உள்ள வச்சிப் பூட்டிட்டுப் போறியா?"

வேப்பமரத்தில் கத்திக்கொண்டிருந்த மைனாக்கள் சட்டென்று ஓய்ந்தன. நல்ல வெயில். இலை அசையவில்லை. மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாம்மா, மண்ணெண்ண வாடை?"

விமானம் விழுந்த அன்று தெரு முழுக்க அடித்த அதே வாடை. வாடை கனத்தது. அதற்குள்ளிருந்து இன்னொரு வாடை, மயிர் பொசுங்குவது போல.

கதவு அதிர்ந்தது.

உள்ளங்கையால் இரண்டு.

விரல் முட்டியால் ஒன்று.

ஆய்வாளர் எழுந்துவிட்டார். மறுபடியும் இரண்டு, ஒன்று. இப்போது வேகமாக. அப்புறம் எண்ண முடியாதபடி, இரண்டு கையாலும், இரும்புக் கதவு கீலோடு குலுங்க. நடுவில் தூக்கக் கலக்கத்தில் ஒரு ஆண் குரல்.

"செல்வி... தொற..."

ஆய்வாளரின் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். "ஆள உள்ள ஒளிச்சி வச்சிக்கினு தான் ரெண்டு வருசமா எங்கள ஏமாத்திக்கினு இருக்கியா? தொறம்மா கதவ."

அவள் திறந்தாள். சத்தம் நின்றது.

பாய், பானை, கொடியில் இரண்டு புடவை.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மேலே பார்த்தார், கான்கிரீட் கூரை. திரும்பியபோது கதவின் உள்பக்கம் கண்ணில் பட்டது. நீலப் பெயிண்ட் முழுக்கக் கரி படிந்த உள்ளங்கைகள். ஒன்றின் மேல் ஒன்றாக, நெஞ்சு உயரத்தில் ஆரம்பித்து, கீழே கீழே இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே முடிந்திருந்தன.

அவர் வெளியே வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்க இல்ல சார்," என்றாள் செல்வி. "இப்பவாச்சும் எழுதுங்க. உள்ள தான் செத்தாருன்னு எழுதுங்க."

"நான் இன்னாம்மா எழுதறது?" அவர் கிசுகிசுத்தார். "ஆள் கொரலு கேட்டுது. ஆள் இருக்குதுன்னு தான் எழுதலாம். பேய் இருக்குதுன்னு எழுத பாரத்துல எடம் இல்ல."

ஹெல்மெட் போடாமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

பதினைந்து நாளில் தபால் வந்தது. செல்வி அதை மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'நேரடி விசாரணையில் மனுதாரரின் கணவர் மேற்படி வீட்டில் இருந்துவருவது தெரியவருகிறது. எனவே மனு நிராகரிக்கப்படுகிறது.'

வீடு பூட்டியிருந்ததால் அன்றைக்கு ஆள் இல்லை. பூட்டிய வீட்டில் தட்டியதால் இன்றைக்கு ஆள் இருக்கிறது. எப்படிப் போனாலும் ராசு சாகவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. தபாலைக் கசக்கி அடுப்பில் போட்டாள். புதுப் பூட்டை எடுத்துப் போய், அதன் சாவியோடு ஏரியில் வீசினாள்.

"இனிமே உன்ன பூட்ட மாட்டேன்யா," என்று காலி அறையைப் பார்த்துச் சொன்னாள். "எப்ப வேணும்னாலும் வெளிய வா."

மறுநாள் கதவை ஆவென்று திறந்து, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். சோகை உரிக்கக் கை ஓடவில்லை. பதினொரு மணிக்கு மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்ளாமல் வரப்பில் ஓட ஆரம்பித்தாள். தெருமுனை வந்தபோதே மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது.

கதவு சாத்தியிருந்தது.

முட்டுக்கொடுத்த கல் அதே இடத்தில், நகராமல் கிடந்தது.

நாதாங்கியில் ஒரு பூட்டு தொங்கியது. கருகி, ஒரு பக்கம் உப்பிய பழைய பூட்டு. அதில் கட்டிய மஞ்சள் அட்டை இன்னும் இருந்தது, நம்பரும் அழியவில்லை. தொட்டாள், கை சுட்டது.

உள்ளங்கையால் இரண்டு. விரல் முட்டியால் ஒன்று.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஜெயம்மாள், "வேணாம் செல்வி, தொறக்காத," என்றாள்.

இடுப்பில் கை வைத்தாள் செல்வி, அந்தப் பழைய பித்தளைச் சாவிக்காக. சாவி அங்கே இருந்தது. இந்தத் தடவை அவள் ஓடி வந்திருக்கிறாள். இந்தத் தடவை நேரம் இருக்கிறது. முந்தானையால் பூட்டைப் பிடித்துச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். உருகிப்போன பூட்டு, நேற்று எண்ணெய் விட்ட மாதிரி திறந்துகொண்டது.

தட்டுவது நின்றது. கதவு தானாக ஒரு விரல்கடை விலகியது. அந்த இடுக்கின் இருட்டிலிருந்து அனல் வந்து அவள் கன்னத்தில் பட்டது.

"இன்னா செல்வி," என்றது குரல். "தொறக்க இம்மா நேரமா?"