வரப்பில் உட்கார்ந்திருந்தவள்

காலை ஒன்பதரை மணி. தனக்குக் குமட்டுவது அந்த வீட்டு மாப்பிள்ளையின் சென்ட்டாலா, பேச்சாலா என்று இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் பிடிபடவில்லை.

கூடத்துச் சுவரில் ஒரு பென்சில் படம்: வயல், வரப்பு, சாய்ந்த மரம். "இது என் வீட்டுக்காரர் கை இல்ல. யாரோ மாத்தி வெச்சுட்டாங்க" என்று, இறந்துபோன ஓவியரின் மனைவி, மாப்பிள்ளையின் மாமியார், புகார் கொடுத்திருந்தார். போன வாரம் கண்ணாடி மாற்ற அதை எடுத்துப்போனவர் ஃபிரேம் கடைக்காரர். அவர்தான் திருடன் என்று மாப்பிள்ளை சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். ஒரு பொத்தான் அறுந்து தொங்கியது.

இன்ஸ்பெக்டர் ஃபிரேமைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கழற்றி, படத்தின் ஓரங்களை மறைக்கும் வெள்ளை அட்டையைத் தூக்கிப் பார்த்தார். கீழே, அட்டை மூடியிருந்த இரண்டு விரல் அகலமும் வெறும் காகிதம். மறுபடி மூடினார்.

"ஒரிஜினல் எப்படி இருக்கும் சார்?"

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். "அத ரசிக்கணும் மேடம்! பென்சில் பட்டும் படாம ஓடும். மரம்னா நாலு கிறுக்கல்தான், ஆனா காத்தடிக்கும். கீழ வரப்புல குண்டா ஒரு பொம்பள, மூணே கோடு. அடடா!"

"பொம்பள உண்டாம்மா?"

மாமியாரின் முகம் சிவந்தது. "நான்தான் அது. கல்யாணமான புதுசு. குண்டா வரைஞ்சுட்டாருன்னு சண்டை போட்டு, அட்டைக்கு அடியில மறைக்கச் சொன்னேன். ஃபிரேம் போட்ட இவரத் தவிர யாருக்கும் தெரியாது."

"நான் மூச்சு விடலம்மா" என்றார் கடைக்காரர்.

"இவர் நகல் எடுத்திருந்தா உங்களையும் வரைஞ்சிருப்பார்" என்றார் இன்ஸ்பெக்டர். "நகல் வரைஞ்சவன் சுவர்ல தொங்கினத போட்டோவுல பார்த்து வரைஞ்சிருக்கான். அட்டைக்கு அடியில இருந்தது அவனுக்குத் தெரியல. ஒரிஜினல வெளிய உருவினவர் கண்ணுலதான் அது பட்டிருக்கும். என்ன மாப்பிள்ளை, ரசனை கொஞ்சம் ஓவராயிடுச்சோ?"

மாப்பிள்ளை கார் சாவியை எடுத்து நீட்டினார். படம் அவருடைய கார் டிக்கியில் சுருட்டிக் கிடந்தது. கீழ் ஓரம் பிளேடால் வெட்டப்பட்டிருந்தது.

"அந்தத் துண்டு எங்க?"

"குப்பையில போட்டுட்டேன். வாங்கறவருக்கு வயல் மட்டும் போதுமாம். அந்தப் பொம்பள படத்தையே கெடுக்கறாளாம்."

இப்போதுதான் அடடா போட்ட வாய். இன்ஸ்பெக்டருக்கு அவரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

"என்னை அவர் வரைஞ்சது அந்த ஒரு தடவதான்" என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல்.

கடைக்காரர் படத்தை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். "கீழ ரெண்டு விரல் இடம் விட்டே ஃபிரேம் போடறேம்மா."

மாமியார் தலையசைத்தார்.

மாப்பிள்ளையை ஜீப்பில் ஏற்றிவிட்டு இன்ஸ்பெக்டர் குழாயடிக்குப் போனார். இரண்டு தடவை சோப்பு போட்டும் கையிலிருந்து அந்த சென்ட் வாடை போகவில்லை.