மூச்சுக்கு வழி

அக்காவைப் புதைத்துவிட்டு வந்த பிறகும் அவள் கிடந்த அறையில் மூச்சிரைப்பு கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல வெயில் நேரம். கட்டிலைக்கூட எடுத்தாயிற்று, மருந்து நெடியும் வியர்த்த தலையணையின் புளித்த வாடையும் மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. அந்த வாடைக்குள்ளிருந்து, ஈரத் துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து.

தங்கை நர்ஸ் வேலை பார்க்கிறவள். சின்ன வயதில் செத்த குருவியைக் காதோரம் வைத்துக் கேட்டவள். வார்டில் யாருக்காவது இழுத்துக்கொண்டிருந்தால், டியூட்டி முடிந்தும் அவளுக்குக் கால் நகராது. உயிர் உடம்பை விட்டுக் கிளம்புவதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்து யாராவது ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். வழி கிடைத்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள். கெட்டவள் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள், கண்ணுகளா. அக்காவை அள்ளிக் குளிப்பாட்டிய கையும் அவளுடையதுதான்.

"என் வாயையும் இப்படித்தான் பாத்துக்கிட்டு நிப்பியாடி?" என்று அக்கா படுத்த புதிதில் கேலி செய்தாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கடைசி நாளில் தங்கை ஜன்னலைச் சாத்தினாள். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டித் திணித்தாள். சாவித் துவாரத்தில் பஞ்சு.

"ஜன்னலத் தொறடி. முட்டுது."

"காத்து உனக்கு ஆகாதுக்கா."

சொல்லிவிட்டு, அந்த முகத்துக்கு மேல் குனிந்து, இமைக்காமல், வாய் பிளந்து காத்திருந்தாள். ஒன்றும் தெரியவில்லை. அக்கா இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அத்தானைக் கூப்பிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொன்னாள். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. அவ குறட்டை சுவத்துல ஒட்டிக்கிச்சோ என்னவோ என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"உன்னை மாதிரி யாரு பாத்திருப்பாம்மா அவளை" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் போனதும் ஜன்னல், கதவு, அலமாரி எல்லாவற்றையும் அகலத் திறந்தாள்.

"போயிடுக்கா. தப்புப் பண்ணிட்டேன். போயிடு."

காற்று வந்தது. வாடை போயிற்று. சத்தம் போகவில்லை.

கூடத்துக்கு ஓடினாள். அங்கேயும். வாசலில். அங்கேயும்.

காதைப் பொத்தினாள்.

கூடியது.

பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துத் தன் நெஞ்சிலேயே வைத்தாள். ஒரு மூச்சு. அதை ஒட்டி இன்னொன்று. ஈரமாக. இழுத்து.

எல்லாத் துவாரத்தையும் அடைத்தவள், தன் வாயை அடைக்கவில்லை.

மூச்சை அடக்கினாள். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

நெஞ்சு ஏறியது. இறங்கியது.

ஏறியது.