கப்பலைப் பார்த்து அழுத சிறுமி

ஓயாமல் கேள்வி கேட்டுக் குத்துவதால் அவளுக்குத் தெருவில் வைத்த பெயர் குண்டூசி. அவளுடைய அம்மா பேருந்து ஓட்டுநர்.

துறைமுகத்துக்கு எதிரே இருந்த அருங்காட்சியகத்தின் வாசலில் ஒரு பெரிய புகைப்படம் தொங்கியது. கப்பலிலிருந்து இறங்கும் கூட்டத்தின் நடுவே, அப்பாவின் தோளில் சாய்ந்து அழும் ஒரு சிறுமி. ‘புதிய நாட்டைக் கண்டு ஆனந்தக் கண்ணீர்’ என்று கீழே எழுதியிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கப்பல் வந்த நாளில் செய்தித்தாளிலும் அதே படம், அதே வரி.

அந்தச் சிறுமி குண்டூசியின் அம்மாதான். வீட்டாரைத் தவிர யாருக்கும் இது தெரியாது. அம்மா அந்த வாசலைக் கடந்துதான் தினமும் பேருந்தை ஓட்டினாள். ஒரு நாளும் தலையைத் திருப்பியதில்லை.

ஒரு நாள் பள்ளியிலிருந்து அங்கே கூட்டிப் போனார்கள். வழிகாட்டியும் ஆனந்தக் கண்ணீர் என்றே சொன்னார். “சரியான அழுமூஞ்சி,” என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். ‘அது என் அம்மா’ என்பது குண்டூசியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அம்மாவைக் கேட்காமல் அம்மாவின் கதையைச் சொல்வது சரியாகப் படவில்லை. விழுங்கிக்கொண்டாள்.

மாலையில் அம்மா காலணியைக் கழற்றும்போது மெதுவாகக் கேட்டாள். “அம்மா, நீ சந்தோஷத்துலயா அழுத?”

அம்மா காலணிகளைச் சுவரோரமாக வைத்தாள். பிறகு சொன்னாள். கப்பல் ஏறும் நாளில் அம்மாவின் அக்காவுக்கு, அதாவது பெரியம்மாவுக்கு, கடும் காய்ச்சல். மருத்துவர் ஏறவிடவில்லை. அடுத்த கப்பலில் வரட்டும் என்று மாமாவிடம் விட்டுவிட்டு வந்தார்கள். அதன்பிறகு கப்பலே விடவில்லை. பெரியம்மா அந்தக் கரையிலேயே வளர்ந்து பெரியவளாகிவிட்டாள்.

“இறங்குறப்போதான் அக்கா நம்மளோட வரலைன்னு எனக்குப் புரிஞ்சுது. அந்தக் கப்பலே என்னைத் திரும்ப அக்காகிட்ட கொண்டுபோய் விடணும்னு அழுதேன்.”

“இதை அவங்ககிட்ட சொல்லலாமா?”

“நம்ம சொன்னா மாத்திடுவாங்களா?”

“கேட்டுப் பாப்போம்மா. கேக்குறது எனக்கென்ன புதுசா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விடுமுறை நாளில் இருவரும் போனார்கள். வழிகாட்டி படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். படம் எடுத்தவர் எழுதிய வரியையே எல்லோரும் எழுதி வந்ததாகவும், அந்தச் சிறுமியிடம் யாருமே கேட்கவில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். என்ன எழுதலாம் என்று அம்மாவிடமே கேட்டார்.

மறுவாரம் வரி மாறியிருந்தது: ‘அக்காவிடம் திரும்பிப் போக வேண்டும் என்று கப்பலைப் பார்த்து அழும் சிறுமி.’

குண்டூசி அதைப் படம் பிடித்துப் பெரியம்மாவுக்கு அனுப்பினாள். அன்று மாலையே தொலைபேசி அடித்தது. எப்போதாவது கூப்பிட்டு, நலமா என்று கேட்டு வைத்துவிடும் பெரியம்மா, இன்று நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

“கப்பல் கிளம்புறப்போ நீ அப்பா தோள்ல தூங்கிட்ட,” என்றாள். “நான் காய்ச்சலோட கரையில நின்னு கையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். நீ என்னைத் தேடவே இல்லைன்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“தேடினேன்க்கா,” என்றாள் அம்மா. “இப்பவும் தேடுறேன்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. குண்டூசி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, சின்னப் பெண்ணைப் போல அக்காவோடு பேசிக்கொண்டே இருந்தாள்.