இரைச்சலுக்குள் ஒரு புள்ளி

துறைமுகத்து ரேடார் அறைக்கு அவள் பகல் ஷிஃப்டுக்கு வந்தாள். படியேறிய மூச்சு அடங்குமுன்னே மேலாளர் ஒரு காகிதத்தை நீட்டினார். ஆறு நாளுக்கு முன் காணாமல் போன அவள் தம்பியின் படகைத் தேடுவதை இன்றோடு நிறுத்துகிறார்களாம். 'கடலில் எதுவும் தெரியவில்லை' என்று அவள்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"மாட்டேன் சார்," என்றாள்.

காற்றடிக்கும் நாளில் அலைகளும் ரேடாரில் விழும்; திரை முழுக்க உப்பைக் கொட்டிய மாதிரி ஆகிவிடும். அதனால் மெதுவாக நகர்வதையெல்லாம் அலை என்று தள்ளிவிடும் ஃபில்டரைப் போட்டுவிடுவது அந்த அறையின் பழக்கம். தம்பி போன அன்றும் போட்டார்கள். போட்டது வேறு யாருமில்லை, இவளேதான். எஞ்சின் நின்றுபோன படகு என்ன வேகத்தில் நகரும்? அந்த நினைப்பு அவளை ஆறு நாளாகத் தின்றுகொண்டிருந்தது.

ஃபில்டரை எடுத்தாள். திரை வெளுத்தது. ரேடாரின் நூறு சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள். சுற்றுக்குச் சுற்று தாறுமாறாக இடம் மாறிய அலைகள் மங்கிப்போயின.

ஒரு புள்ளி மட்டும் மங்கவில்லை.

மெதுவாக, ஒரே கோட்டில், காற்றை எதிர்த்துக் கரைப்பக்கம் வந்துகொண்டிருந்தது. வயர்லெஸ்ஸில் மீட்புப் படகை அங்கே விரட்டினாள்.

"நீங்க சொன்ன இடத்துலதான் நிக்கிறோம்க்கா. வெறும் தண்ணிதான் இருக்கு."

திரையில் புள்ளி அவர்கள் படகை ஒட்டி நின்றது. பிறகு கடந்து வந்தது.

துறைமுகத்து அலைத் தடுப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. ஊடே வந்தது.

தரையில் ஏறியது.

"ஃபில்டரைப் போடும்மா," மேலாளர் குரல் கிசுகிசுத்தது.

"ஒரு தடவை போட்டுத்தான் அவனத் தொலைச்சேன். இனி போட மாட்டேன்."

திரையின் நடுவே, இந்தக் கட்டிடத்தை ஒட்டி ரேடார் கண்ணுக்கு எட்டாத வட்டத்துக்குள் புள்ளி மறைந்தது. அறையில் டீசலும் கடல்நீரும் கலந்த வாடை. படியில் சொதசொதவென்று காலடி. மேலாளர் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டார். அவள் அவரை ஒதுக்கிவிட்டு அதை நீக்கி, கதவின் ஒரு பாதியைத் திறந்தாள்.

வாசலில் யாருமில்லை.

"உள்ள வாடா," என்றாள். "அக்காதான்."

சில்லென்று ஏதோ அவள் தோளை உரசிக்கொண்டு போனது. அவள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது. அவளுக்குப் பயமே வரவில்லை. அழுகைதான் வந்தது. அந்தக் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டாள்.

"இன்னும் வருதும்மா," என்றார் மேலாளர்.

ஆழ்கடலிலிருந்து புள்ளிகள் கிளம்பியிருந்தன. அந்த அறையில் ஃபில்டர் போட ஆரம்பித்து முப்பது வருடம் இருக்கும். புள்ளிகளை எண்ண ஆரம்பித்த மேலாளர் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் கை ஃபில்டர் சுவிட்ச் பக்கம் போனது. அவள் தட்டிவிட்டாள்.

"வரட்டும் சார். எல்லாரும் நாம தள்ளிவிட்டவங்கதான்."

கீழே படியில் பல கால்களின் ஈரச் சத்தம் கேட்டது. அவள் போய்க் கதவின் மறுபாதியையும் திறந்து வைத்தாள்.